வளராத மூன்று குடுவைகள்

அத்தியாயம் ஆறு

"உன் கட்டைவிரலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் லெம்பி கோர்ஹோனன்.

மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, "ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்று அறிவித்த ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? லெம்பி அப்படித்தான். சுரங்கக் கம்பெனியின் தாதுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் அதில் எத்தனை பங்கு இரும்பு என்று சொல்வார். கொடுத்தவன் பேச்சில் எத்தனை பங்கு பொய் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு, ஆராய்ச்சிப் புகார்களை விசாரிக்க ஹார்லோ பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஒரு அறை, ஒரு காபி மெஷின், ஒரு உதவியாளன் கொடுத்தார்கள். காபி மெஷின் நன்றாக வேலை செய்யும்.

உதவியாளன் நான். டேல் ப்ரிமோசிச், வயது முப்பத்தாறு. முனைவர் பட்டத்தை நான்காம் வருஷத்தில் கைவிட்டவன் என்று சொல்லிக்கொள்வேன். பட்டத்தைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். வாரத்தில் மூன்று நாள் லெம்பியோடு துப்பறிவேன். மீதி இரண்டு நாள் உயிரியல் கட்டடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுவேன். இரண்டாவது வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சுத்தம் பண்றப்போ கிழிச்சிடுச்சு," என்றேன். "அதை விடுங்க. அந்த சிகாகோ தேர்வாளர் ஆன்ஸ்லியோட பூட்ஸைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இங்க எல்லார் பூட்ஸும் சுரங்கத் தூசிச் சிவப்புதான்."

"அவர் திங்கட்கிழமை காலையில சுரங்கத்தைப் பார்க்கப் போயிருக்கார். நேரா அங்கேருந்து லேபுக்கு வந்திருக்கார். அந்த பூட்ஸ்ல இருக்கிற இரும்பை உருக்கினா ஒரு தண்டவாளம் போடலாம்."

லெம்பி கோப்பையில் காபியை ஊற்றினார். மணி பத்தரை. மாலை நான்கு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் டானிகா வுகெலிச்சின் ஐந்து வருஷம் குப்பைக்குப் போய்விடும்.

டானிகாவைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பது எனக்குத் தெரியும். நான் என்று ஒருவன் இருப்பது அவளுக்குத் தெரியுமா என்பது பற்றி இரண்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். முடிவுகள் தெளிவாக இல்லை.

அவளுடைய ஆராய்ச்சி ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் கைவிட்ட சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிரம்பி ஏரியாகிக் கிடக்கும். அப்படி ஓர் ஏரியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வந்தாள். இரும்பு இல்லாமல் நம்மால் பிழைக்க முடியாது, பாக்டீரியாவாலும் முடியாது. இரும்புக்குப் பஞ்சமில்லை. எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. ஆனால் துருவாக, கல்லாக, கரையாமல் கிடக்கிறது. பூட்டிய கடையின் கண்ணாடி வழியாக ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பது போன்ற பசி அது.

டானிகாவின் பாக்டீரியாவுக்கு உடம்பைச் சுற்றி இரண்டு சவ்வு. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு புரதம் காத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து தப்பித்தவறி நுழைகிற ஒற்றை இரும்பு அணுவைக் கை மாதிரி கவ்வும். உள்வாசலில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பும். கை வெறுமையாக இருந்தால் புரதத்துக்கு நிறமே கிடையாது. இரும்பைப் பிடித்துவிட்டால் இளஞ்சிவப்பு.

அந்தக் கையே இல்லாத பாக்டீரியாவையும் அவள் உருவாக்கினாள். கை இருப்பவனுக்கு ஓர்வோ என்றும் இல்லாதவனுக்கு ரெய்னோ என்றும் பெயர். படிக்க வருமுன் அவள் சுரங்கத்தில் தாது லாரி ஓட்டியவள். கூட வேலை பார்த்த அண்ணன் தம்பிகளின் பெயர்கள் அவை. ரெய்னோவுக்குச் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஓர்வோதான் திறந்து கொடுப்பானாம்.

இரும்பை முடிந்தவரை நீக்கிவிட்ட திரவத்தில் ஓர்வோ எப்படியோ தேற்றிக்கொள்வான். ரெய்னோ பட்டினியில் வாடுவான். இரும்பு தாராளமாக இருந்தால் மட்டும் ரெய்னோவும் வளர்வான். விருந்து வீட்டில் கை வராதவனுக்கும் யாராவது ஊட்டிவிடுவார்கள் அல்லவா, அப்படி. ஆய்வேடு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் நின்றது.

சிகாகோவிலிருந்து வெளித் தேர்வாளராக வந்தார் டாக்டர் வின்ஃபீல்ட் ஆன்ஸ்லி. திங்கட்கிழமை அவளுடைய லேபிலேயே, அவளுடைய குடுவைகளிலேயே, பட்டினித் திரவத்தை ஊற்றி ரெய்னோவைத் தன் கையால் விட்டார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் ரெய்னோ கொழுகொழுவென்று வளர்ந்திருந்தான். 'முடிவுகள் இட்டுக்கட்டப்பட்டவையாகத் தெரிகின்றன' என்று எழுதிவிட்டார். இன்னொரு முறை செய்துகாட்டுகிறேன் என்று டானிகா கேட்டாள். புகாருக்கு ஆளானவர் தொட்டது எதுவும் சாட்சியாகாது என்று டீன் அலுவலகம் விதியைக் காட்டியது. கமிட்டி அந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டால் பட்டம் கிடையாது. வேறு எந்த லேபும் அவளை உள்ளே விடாது. திரும்பவும் லாரிதான்.

"எத்தனை குடுவை?" என்று கேட்டார் லெம்பி.

"பன்னிரண்டு."

"எத்தனையில வளர்ந்துது?"

நான் ஆன்ஸ்லியின் நோட்டைப் புரட்டினேன். ஒன்பது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண் போட்ட மூன்றில் வளரவில்லை. அவற்றின் மேல் பென்சிலால் கோடு போட்டு, 'கைத்தவறு, விட்டுவிடலாம்' என்று எழுதியிருந்தார்.

"உன் பூட்ஸ் தூசி, ஒன்பது குடுவைக்குள்ள குதிச்சிட்டு, மிச்ச மூணைப் பார்த்ததும் மரியாதையா ஒதுங்கிப் போச்சா?"

என் தண்டவாளம் அங்கேயே தடம் புரண்டது. லெம்பி கோட்டை மாட்டிக்கொண்டார். அந்த மூன்று குடுவைகள் ஏன் வளரவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் இன்றைக்குத் தேடப் போவதில்லை என்றார்.

*

டானிகா தன் அலமாரியைக் காலி செய்து வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் முடியப் போகிறது, ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் சேறும் சகதியுமாகக் கிடந்தது. அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். வாயைத் திறந்தபோது, "நல்ல பெட்டி" என்றுதான் வந்தது.

"வாழைப்பழம் போச்சு, பெட்டி மிச்சம்," என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புரதம் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று லெம்பி கேட்டார். வெறுங்கையோடு இருக்கிற, இரும்பு பிடிக்காத புரதம். பதினான்கு மில்லி, உறைபெட்டியில், என்றாள் டானிகா. ஒரு வருஷ வேலை அது.

"எனக்கு அது வேணும். மோப்பம் பிடிக்க."

டானிகாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. இரும்பைக் கண்டால் விடாமல் கவ்வி, முகம் சிவந்து காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம். அதைவிட நல்ல மோப்ப நாய் எங்கே கிடைக்கும்?

"அதைக் காலி பண்ணிட்டா என்கிட்ட காட்டறதுக்குன்னு ஒண்ணுமே இருக்காது லெம்பி."

"நாலு மணிக்கு அப்புறம் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

டானிகா பெட்டியின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு உறைபெட்டிச் சாவியைக் கழற்றி லெம்பியின் கையில் வைத்தாள். புரதம் இருந்த குழாயை அவள் தொடக்கூடாது என்பதால் நாங்களே போய் எடுத்துக்கொண்டோம். சாட்சிக்கு ஆன்ஸ்லியையும் கூப்பிட்டோம்.

மனிதர் வில்லனாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். உயரமாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். கதவை எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. புரதத்தில் ஒரு சொட்டை எடுத்து, அவர் கண் முன்னால் துளி இரும்புக் கரைசலைச் சேர்த்தார் லெம்பி. விடிகாலை வானம் மாதிரி சிவந்தது. சேர்க்காத சொட்டு தண்ணீராகவே இருந்தது. நாய்க்கு மூக்கு வேலை செய்கிறது என்பதை ஆன்ஸ்லி ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பயன்படுத்திய ஒவ்வொன்றையும் சோதித்தோம். சுத்தத் தண்ணீர் சிவக்கவில்லை. உப்புகள் சிவக்கவில்லை. சர்க்கரையும் இல்லை. நான் விடவில்லை, பூட்ஸையும் சோதித்தே ஆக வேண்டும் என்றேன். ஆன்ஸ்லி மறுப்பில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, வலது பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு நின்றார். சுரண்டிய தூசி சோதனைக் குழாயின் அடியில் செக்கச்செவேலென்று படிந்தது. மேலே நின்ற புரதம் அசையவில்லை, தெளிவாகவே இருந்தது.

"இருநூறு கோடி வருஷமா இறுகிக் கிடக்கிற கல்," என்றார் லெம்பி. "அரை மணி நேரத்துல மனசு மாறாது. புது இரும்பா இருந்தா வேற கதை. போன வாரம் துருப்பிடிச்சதெல்லாம் சட்டுனு கரைஞ்சு குடுத்திடும்."

நான் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நன்றி என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

லெம்பி எதற்கோ குழாய்த் தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டார். லேசாகச் சிவந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஹார்லோவில் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஊரும் கொஞ்சம் வரும். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் பழுப்பு வளையம் இருக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் முதல் வேலையாக அந்த வளையத்தைத் தேய்த்து எடுப்பார்கள். கேக் கருகிப்போனால் மன்னிப்பு உண்டு. வளையத்தை விட்டு வைத்தால் பத்து வருஷம் பேசுவார்கள்.

"குடுவையைக் கழுவினது யாரு?" என்று ஆன்ஸ்லி கேட்டார்.

"நான்தான்," என்றேன். தொழில் கௌரவம் பொங்கிவிட்டது. சோப்பு, குழாய்த் தண்ணீர், ஒட்டின இரும்பைக் கரைக்க ஒரு ராத்திரி முழுக்க ஆசிட், பிறகு சுத்தத் தண்ணீரில் ஐந்து முறை, உலோகம் படாத பிளாஸ்டிக் மூடி என்று மனப்பாடமாக ஒப்பித்தேன்.

"எல்லாத்துக்கும் அப்படித்தானா?" என்றார் லெம்பி.

"பன்னிரண்டுக்கும்."

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்; சௌகரியமாக இருந்திருக்கும்.

*

மதியம் நான் போய், மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி நாலு வாங்கி வந்தேன். ஒன்றை டானிகாவின் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தேன். ஆன்ஸ்லி தன்னுடையதற்குக் குழம்பு கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் ஊரில் பேஸ்டிக்குக் கெச்சப்தான். வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்கே அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருப்பேன்.

இரண்டு மணிக்கு லெம்பி, பூட்டி ஒட்டுத்தாள் ஒட்டிய அலமாரியைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை வளர்ந்ததைக் கொட்டிவிட்டு, சுத்தத் தண்ணீரில் அலசி, ஆன்ஸ்லியே உள்ளே வைத்துக் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி புரதத்தை விட்டு, மெல்லச் சுழற்றி, மேஜையில் வரிசையாக வைத்தார். புரதக் குழாயின் அடியில் ஈரம் மட்டும் மிச்சமிருந்தது.

நாங்கள் மூவரும் குடுவைகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். ஊரே அதிகம் பேசாத ஊர், ஆன்ஸ்லியும் பழகிக்கொண்டுவிட்டார்.

முதலில் எனக்குத்தான் கண் ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது. பிறகு சந்தேகமில்லை. ஒன்றாம் எண் குடுவையின் அடியில் ஒரு வெளிறிய சிவப்பு படர்ந்தது. இரண்டு. மூன்று. சால்மன் மீனின் சதையைத் தண்ணீரில் கரைத்த மாதிரி நிறம். ஒன்பது வரை சிவந்தது. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் தெளிவாக இருந்தன.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். ஒன்பது குடுவைகளில் இரும்பு இருந்திருக்கிறது. அதைத் தின்றுதான் ரெய்னோ வளர்ந்திருக்கிறான். இரும்பு இல்லாத மூன்றில் பட்டினி கிடந்திருக்கிறான். அவள் எழுதியது அத்தனையும் சரி. இதை ஓடிப்போய் டானிகாவிடம் சொல்லும்போது எந்த முகபாவம் வைத்துக்கொள்ளலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஆன்ஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது அவங்களுக்கு நல்லதில்ல," என்றார் வருத்தமாக. "குடுவைச் சுவத்துல இரும்பு தானா முளைக்காது. யாரோ போட்டிருக்காங்க. லேப் சாவி யார்கிட்ட இருந்துது? அவங்ககிட்ட. முடிவு தப்பா வந்தா, குடுவையில அழுக்கு இருந்துதுன்னு தப்பிக்கிறதுக்கு மூணை விட்டு ஒன்பதுல போட்டு வெச்சாங்கன்னு கமிட்டி கேட்டா, நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. டீனிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி, பூட்ஸ் சத்தம் கேட்காமல் மெதுவாக இறங்கிப் போனார். காலையில் அவள்மேல் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. எங்கள் உதவியால் இப்போது இரண்டு. மணி மூன்று பத்து.

லெம்பி ஒன்பதாம் குடுவையை இடது கையிலும் பத்தாம் குடுவையை வலது கையிலும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"இங்க வா. என்ன தெரியுது?"

பத்து அழுக்காக இருந்தது. பழைய பேனா மை, எப்போதோ ஒட்டிய லேபிளின் பசை, கண்ணாடியில் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல். ஒன்பது புதுக் கல்யாணப் பரிசு மாதிரி மின்னியது. வெளிச்சத்தில் சாய்த்தபோது, உள்பக்கம் முழுக்க முடி இழை போலக் கீறல்கள்.

நான் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை என்னென்ன சுத்தம் பண்ணினே?"

"சிங்க். குழாய். கதவுக் கைப்பிடி. ஸ்டூல் கால்."

"எதை வெச்சு?"

"கம்பி நார். சோப்பு வெச்சது. சிங்குக்குக் கீழே ஒரு தட்டுல கிடந்துது."

"துருப்பிடிச்சிருந்துதா?"

"அது எப்பவுமே துருப்பிடிச்சுத்தான் இருக்கும் லெம்பி."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. சிகாகோவிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். டானிகாவின் அலமாரியில் குடுவைகள் வரிசையாக, மையும் பசையும் மங்கலுமாக. ஆசிட்டில் ஊறி எழுந்து, சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் பார்வைக்கு நன்றாக இல்லை. விருந்தாளி கண்ணில் படுகிற பழுப்பு வளையம் மாதிரி அவை என்னை உறுத்தின. அவளுக்கு ஒரு உதவி செய்வோம் என்று எடுத்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்து உள்ளும் புறமும் தேய்த்தேன். தேய்த்த பிறகு சுத்தத் தண்ணீரில் ஐந்து முறை அலசினேன், நான் ஒழுங்கானவன். ஆசிட்டில் மட்டும் போடவில்லை. ஏனென்றால் நான் அன்றைக்குக் குடுவை கழுவவில்லை. வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். என் மண்டையில் அவை இரண்டும் வேறு வேறு அறைகள். நடுவில் கதவு இல்லை.

"ஒன்பதாவதுலதான் கம்பி விரல்ல ஏறிடுச்சு," என்றேன். "ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுத்திச்சு. தரையில உட்கார்ந்து, முட்டிக்கு நடுவுல தலையை வெச்சுக்கிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன்."

லெம்பி இரண்டு குடுவைகளையும் மேஜையில் வைத்தார்.

"உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துது. சந்தேகத்துக்கு நிறம் கிடையாது. அதான் புரதம் கேட்டேன்."

நான் பதினோரு பேர் கொண்ட சந்தேகப் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தேன். ஆன்ஸ்லி முதலிடம், அவர் பூட்ஸ் இரண்டாமிடம். கட்டடத்துக்கு வெப்பம் தருகிற கொதிகலன்கூட ஒன்பதாம் இடத்தில் இருந்தது. நான் இல்லை.

சோதனைக்குரிய பொருளைப் பதிவு செய்யாமல் தொட்டவனுக்கு லேபில் வேலை கிடையாது. அந்த விதியைச் சுவரில் ஒட்டியதே நான்தான். கோணலில்லாமல் ஒட்டியிருந்தேன்.

"நான் சொல்லாம விட்டா?" என்று கேட்டேன். கேட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"டானிகா லாரி ஓட்டுவா," என்றார் லெம்பி. "நல்லாத்தான் ஓட்டுவா."

*

கமிட்டியில் ஐந்து பேர். நீள மேஜை. ஓரத்தில் டானிகா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. நான் பன்னிரண்டு குடுவைகளை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு நுழைந்தபோது, டீன் அம்மாள் பானம் பரிமாற வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

குடுவைகளை எண் வரிசையில் வைத்தேன். பக்கத்தில், தட்டோடு அந்தக் கம்பி நாரையும் வைத்தேன். கீழே அழகான பழுப்பு வட்டம் படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கதையை முதலிலிருந்து சொன்னேன். தரையில் உட்கார்ந்த பகுதியைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் ஏன் ஒன்பதோடு நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் தலை சுற்றியதையும், முட்டியையும், வீட்டுக்குப் போய் டிவி பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன். கட்டைவிரல் கட்டைப் பிரித்துக் காட்டினேன். பெரிய காயமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரை அங்குலம்கூட இல்லை.

ஆன்ஸ்லி எழுந்து வந்தார். ஒன்பதை வெளிச்சத்தில் சாய்த்தார். பத்தைச் சாய்த்தார். கம்பி நாரிலிருந்து ஒரு இழையை உருவி, காலிக் கிண்ணத்தில் போட்டு, புரதக் குழாயில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டை அதன் மேல் விடச் சொன்னார். எல்லோரும் காத்திருந்தோம். அவர் கேட்க நினைத்த கேள்விக்கு அந்தச் சொட்டு பதில் சொன்னது. சிவந்தது.

"ரத்தம் குடுவைக்குள்ள விழுந்துதா?" என்றார்.

"இல்ல. சிங்க்ல."

"பத்தாவதுல ஒரு சொட்டு விழுந்திருந்தாக்கூட, அதுவும் சிவந்திருக்கும். ரத்தத்திலயும் இரும்புதானே."

அவர் தன் இடத்துக்குத் திரும்பி, நோட்டை எடுத்து, பென்சில் கோடு போட்ட அந்த மூன்று எண்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு குடுவை அவங்க சொன்ன மாதிரியே நடந்துக்கிச்சு. நான்தான் கைத்தவறுன்னு தள்ளினேன்," என்றார் டீனிடம். "இருபத்தாறு வருஷமா மாணவர்களுக்கு, பிடிக்காத எண்ணைத் தள்ளாதேன்னு பாடம் நடத்தறேன்."

புகாரின் அந்த வரியைத் தன் பேனாவாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பிளாஸ்டிக் பாத்திரங்களில் அவள் கையாலேயே, அவர் முன்னிலையில், மறுபடி செய்துகாட்டட்டும். ஆய்வேடு அதுவரை நிற்கும், விழாது என்று கமிட்டி எழுதியது. கீழே இன்னொரு வரியும் எழுதியது. திரு. ப்ரிமோசிச் இனி இந்தக் கட்டடத்தில் கண்ணாடியால் ஆன எதையும் தொடக்கூடாது. ஜன்னலும் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றியது. லெம்பி என் காலை மிதித்தார்.

*

டானிகா லேபில் பெட்டியைப் பிரித்து, புத்தகங்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். கண்ணாடிக் கதவு, அதனால் முழங்கையால் தள்ளித் திறந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னை முறைத்தாள். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மூன்று நாள் தூங்காத முகம் அது. தூங்கவிடாமல் செய்தவன் நான்.

"எதுக்கு அதைத் தொட்டே?"

"அழகா இருக்கட்டும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டேல்."

"கேட்டிருந்தா, எதுக்காகப் பண்றேன்னு நீ கேட்டிருப்பே."

அவள் கையில் இருந்த புத்தகத்தை அடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மேஜையில், சிவந்த ஒன்பதாம் குடுவை இருந்தது. லெம்பி கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். டானிகா அதை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினாள். ஐந்து வருஷத்தில் அது இவ்வளவு நன்றாகச் சிவந்து பார்த்ததில்லை என்றாள், என்னிடம் இல்லை, அதனிடம்.

பிறகு முதலுதவிப் பெட்டியை இறக்கி, ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்தேன். கமிட்டி முன்னால் பிரித்த கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா தரையில உட்கார்ந்தே?"

"ரத்தம் நிறைய வந்துது."

"எவ்வளவு?"

"ரெண்டு சொட்டு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். லாரி ஓட்டிய கை. கட்டு இறுக்கமாக விழுந்தது.

வேறு யாராவது கொஞ்சம் தைரியசாலியாக இருந்திருந்தால், விரலை ஒரு துணியால் சுற்றிக்கொண்டு மீதி மூன்றையும் தேய்த்து முடித்திருப்பான். பன்னிரண்டும் வளர்ந்திருக்கும். அவளைக் காப்பாற்ற உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சியிருக்காது. இத்தனை வருஷத்தில் என் கோழைத்தனம் யாருக்காவது உருப்படியாக உதவியது அது ஒரு முறைதான். இதை அவளிடம் விளக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

அவள் முன்பே கணக்குப் போட்டு முடித்திருந்தாள் போலிருக்கிறது. கட்டின் நுனியைப் பல்லால் கிழித்து ஒட்டிவிட்டு, விரலை விடாமலே சொன்னாள்:

"அடுத்த தடவை முதல் குடுவையிலயே கிழிச்சுக்கோ."